சொல்லிவிட்டுப் போடும் வெடி

எங்கள் பக்கத்தில் யானை வருவது மார்கழி மாதத்தில். கதிர் பால் பிடித்து, அந்த வாசம் காற்றில் போனதும் காட்டோரத்தில் கொப்புகள் முறியும் சத்தம் கேட்கத் தொடங்கும். ஒட்டுசுட்டானில் இருந்து காட்டுப் பக்கமாக உள்ளே வரும் எங்கள் கிராமத்தில், அந்தக் காலத்துக்காக எல்லா வீடுகளிலும் யானையை விரட்ட யானைவெடி தேடி வைப்பார்கள். நாங்கள் வேறு விதமாகத் தயாராவோம். மகளின் கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளிப் போடுவோம். சுவரோடு பழைய தலையணைகளை வைத்துக் கட்டுவோம். மனைவி மகளின் கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுவாள். இவ்வளவும் செய்து முடிக்கவே எங்களுக்குக் களைத்துவிடும். யானை அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும்.

மகளுக்கு இப்போது பதினாலு வயது. சண்டை முடிந்து, முகாமில் இருந்து திரும்பி, தகரக் கொட்டில் போட்டு நாங்கள் இருந்த காலத்தில் பிறந்தவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். காது கேட்காதோ என்று பயந்தோம். ஆனால் என் லாண்ட்மாஸ்ரர், அதுதான் கையால் பிடித்து உழுகிற இரண்டு சில்லு இயந்திரம், செம்மண் கிறவல் றோட்டில் திரும்பும்போதே, வேறு யாருக்கும் அது கேட்குமுன், தவழ்ந்து வேலிப் படலைக்கு வந்துவிடுவாள். இயந்திரத்தை முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு வைத்தால் அதன் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். நிறுத்தினால் அழுவாள். அந்தப் பெரிய இரைச்சலில் அமைதியாக நிற்கிற பிள்ளை, குசினியில் ஒரு கரண்டி விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

வவுனியா ஆஸ்பத்திரியில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். சொன்ன அன்று நாங்கள் பெரிதாக ஒன்றும் உணரவில்லை. அந்தச் சொல் எங்களுக்குப் புதிது; மருந்து தருவார்கள் என்று நினைத்தோம். மருந்து இல்லை, பழக்க வேண்டும், மாதம் மாதம் வாருங்கள் என்றார்கள். நெடுங்கேணி, புளியங்குளம் என்று பஸ் மாறி மாறிப் போய் வந்தோம். பஸ்ஸில் ஹோர்ன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் மகள் என் தோளைக் கடிப்பாள். ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் நான் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன்.

ஊரிலும் சொந்தத்திலும் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. அதிகம் பேர் சொன்னது போர்க்காலச் செல்லடியைத்தான். தாய்க்காரி கடைசிச் சண்டையில் பங்கருக்குள் கிடந்து பயந்த பயம் பிள்ளையின் தலைக்குள் இறங்கிவிட்டதாம். அப்போது அவள் என்னைக் கலியாணம் கூடச் செய்திருக்கவில்லை. அதைச் சொன்னால், பயம் உடம்பை விட்டுப் போகாது, இரத்தத்தில் நிற்கும் என்பார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி போட்டுக்கொண்டாள். அவள் அதைப் பற்றி என்னோடு கதைத்ததில்லை. மகள் கத்தும்போது அவளின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

யானைவெடி பெரும் பிரச்சினையானது சில வருடங்களுக்கு முன்பு. அதுவரை யானை வருவது எப்போதாவதுதான். குளத்தின் அந்தப் பக்கம் காடு வெட்டப்பட்டதோ, மின்வேலி போட்ட ஊர்களில் இருந்து இந்தப் பக்கம் திரும்பியதோ, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு காலபோகத்தில், அதாவது மழைக்காலப் பயிர்ச்செய்கையில், கூட்டமாக வந்தன. எங்கள் வயலுக்கு அடுத்த வயல் ஒரு பெண்ணுடையது. என் மனைவியைவிட வயது குறைந்தவள். அவளின் புருசனை முந்தின வருடம் யானை தூக்கிப் போட்டதில் இடுப்பு முறிந்துவிட்டது. அவர் தடியூன்றி முற்றத்துக்கு வருவார், அதற்கு மேல் முடியாது. அதனால் வயற்காவல் முழுவதும் அவள்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பாலைமரத்தில் பரண் கட்டி, பின்னேரத்தில் ஏறி இருப்பாள். நல்ல துணிவு. ஆனால் யானைக்குப் பயம் இல்லாமலில்லை. பயந்துகொண்டுதான் வெடியைக் கொளுத்தி எறிவாள்.

அன்று மைம்மல் பொழுது. வழமையாக இருட்டிய பின்தான் வரும். அன்று வெளிச்சம் இருக்கவே ஒரு தனியன் யானை வரம்பில் ஏறிவிட்டது. அவள் பரணில் இருந்து வெடியைப் போட்டாள். அது எங்கள் வேலிக்குப் பக்கத்தில் வெடித்தது. மகள் முற்றத்தில் நின்றவள். நான் பார்த்துக்கொண்டிருக்க அவளின் உடம்பு ஒரு முறை விறைத்தது. பிறகு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். இரண்டாவது வெடி விழுந்தது. வாய்க்கால் கரையில் அவளைத் தவறவிட்டுவிட்டேன்.

ஒரு பக்கம் யானை நிற்கிறது, ஒரு பக்கம் காடு. அந்த நேரத்தை விவரித்து எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு றோட்டில் ஓடினாள். பெயருக்குத் திரும்பாத பிள்ளை என்று தெரிந்தும் வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். பரணில் இருந்து பார்த்தபோது மதகுப் பக்கம் சட்டையின் நிறம் தெரிந்திருக்கிறது. இறங்கி ஓடிப் போனாள். றோட்டுக்குக் கீழே போகும் கொங்கிறீட் குழாய்க்குள் மகள் குந்தியிருந்தாள். கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு காதைக் குழாயின் சுவரோடு அழுத்தி, மற்றக் காதைக் கையால் பொத்தி, எஞ்சின் இரைவது போல ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இழுத்துப் பார்த்திருக்கிறாள். மகள் அவளின் கையைக் கடித்துவிட்டாள். பிறகு அவள் இழுக்கவில்லை. குழாயின் வாயில் தண்ணீருக்குள்ளேயே இருந்து, நாங்கள் வரும்வரை வழியை மறைத்துக்கொண்டிருந்தாள்.

மனைவி வந்ததும் நன்றி சொல்லவில்லை.

"உன்ர நெல்லுக்காக என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தனி" என்றாள்.

அந்தப் பெண் எழும்பினாள். அவளின் முழங்கைக்குக் கீழே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பாவாடையில் துடைத்தபடி வரம்பால் நடந்து போனாள். யானை அதற்குள் அவளின் வயலில் ஒரு மூலையைத் தின்று முடித்திருந்தது.

அடுத்த நாள் காலையில் அவளாகவே வந்தாள். மனைவி குசினிக்குள் போய்விட்டாள். அவள் படலைக்கு வெளியே நின்று என்னோடு கதைத்தாள்.

"அண்ணை, நான் வெடி போடாட்டி எங்கட வீட்டில சோறில்லை. போட்டா உங்கட பிள்ளை ஓடுது. நான் என்ன செய்யிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்."

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள். யோசிச்சுச் சொல்லுறன் தங்கச்சி என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் போகம் முடியும்வரை மகளையும் மனைவியையும் வவுனியாவில் மனைவியின் அக்கா வீட்டில் விட்டேன். அங்கே வெடி இல்லை, ஆனால் இரயில் இருந்தது, சந்தியில் ஒலிபெருக்கி இருந்தது, பக்கத்தில் இரும்பு ஒட்டுகிற கடை இருந்தது. மகள் மெலிந்து போனாள். வெள்ளைச் சோறும் ஒரு வகை பிஸ்கட்டும்தான் அவளின் சாப்பாடு, அதையும் விட்டாள். மாசியில் நெல்லை வெட்டியதும் கூட்டி வந்துவிட்டேன்.

கனடாவில் இருக்கும் மனைவியின் அண்ணனுக்கு நடந்தது தெரிந்தது. அவர் எங்கள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஓட்டிசம் பற்றி எது கண்ணில் பட்டாலும் எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். ஒட்டகப் பால், மாப்பொருள் இல்லாத சாப்பாடு, குதிரையில் ஏற்றுவது. ஒட்டுசுட்டானில் நாங்கள் குதிரைக்கு எங்கே போவது? இந்த முறை வந்தது ஒரு வீடியோ. ஒரு மூளையின் படம். அதற்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக மயிரிழை போல ஆயிரம் கோடுகள். ஓட்டிசம் உள்ளவர்களின் மூளையில் இடத்துக்கு இடம் போகும் தொடுப்புகள் வேறு விதமாக இருக்கின்றன, ஸ்கான் செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அதில் சொன்னார்கள். கொழும்பில் ஸ்கான் எடுங்கள், செலவு என்னுடையது, எங்கே பிழை என்று தெரிந்தால் திருத்தலாம் என்று அண்ணன் குரல் பதிந்து அனுப்பினார்.

மனைவி அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். குசினி வாசலில் இருந்து, அரிசி உலை கொதிப்பதைக் கூடக் கவனிக்காமல். ஒரு நாள் என்னிடம் காட்டி, இதுக்குள்ள எந்த இழை பிள்ளைக்கு அறுந்திருக்கும் என்று கேட்டாள்.

அடுத்த கிளினிக் நாளில் ஃபோனைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினோம். டொக்டர் இளம் பெண். அவளின் அறைக்கு வெளியே எப்போதும் சனம் நிறைந்திருக்கும். அவளும் எங்களைப் போலவே களைத்த முகத்தோடு இருப்பாள். ஆனாலும் எங்களை எழுப்பி அனுப்ப அவசரப்படமாட்டாள். வீடியோவை முழுவதும் பார்த்தாள். மகள் நான் இருந்த கதிரைக்குக் கீழே இருந்து மேசைக் காலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது பொய்யில்லை" என்றாள் டொக்டர். "மூளையில ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு இடம் இருக்கு. கேக்கிறதுக்கு ஒண்டு, பயப்பிடுறதுக்கு ஒண்டு, கதைக்கிறதுக்கு ஒண்டு. அந்த இடங்கள் எல்லாம் நரம்பிழைகளால ஒண்டோட ஒண்டு கதைச்சுக்கொண்டிருக்கும். ஓட்டிசம் உள்ள ஆக்களில அந்தக் கதை எங்களைப் போல நடக்கிறேல்லை. சில இடங்களுக்கு நடுவில கூடிப்போகும், சில இடங்களுக்கு நடுவில குறைஞ்சுபோகும்."

எனக்குத் தெரிந்தது வயல்தான். வாய்க்காலில் தண்ணீர் சில வயலுக்குக் கூடுதலாகப் பாய்ந்து, கடைசி வயலுக்குப் பாயாமல் போகிறது மாதிரியோ என்று கேட்டேன்.

"அப்பிடி வைச்சுக்கொள்ளலாம் அப்பா. ஆனா எங்கயோ அடைச்சிருக்கு, வெட்டிவிட்டாச் சரி எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ. அடைப்பு இல்லை. அவவின்ர மூளை தொடக்கத்தில இருந்தே அப்பிடித்தான் வளந்தது."

ஸ்கான் எடுத்தால் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கனபேரின் படங்களை எடுத்து, ஓட்டிசம் இல்லாதவர்களின் படங்களோடு ஒப்பிட்டுத்தான் அந்த வித்தியாசத்தைக் காண்கிறார்கள். அதிலும் ஒரு ஆராய்ச்சியில் கண்டது இன்னொன்றில் வருவதில்லை. ஆளுக்கு ஆள் வேறு. அவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அதோடு அந்த மெசினுக்குள் வரும் சத்தத்தை இந்தப் பிள்ளை தாங்காது, மயக்கித்தான் எடுக்க வேண்டும், எடுத்துப் பலனில்லை என்று விளக்கினாள்.

நான் கேட்க வந்ததைக் கேட்டு முடித்துவிட்டேன். எழும்பப் போனபோது மனைவி எழும்பவில்லை.

"டொக்டர், நான் சண்டைக்குள்ள கனக்கப் பயந்தனான்" என்றாள். "பங்கருக்குள்ள மாசக்கணக்கா இருந்தனாங்கள். பிள்ளை அதுக்குப் பிறகுதான் வயித்தில வந்தவ. அந்தப் பயத்தாலதான் இந்த இழையள் இப்பிடி வந்ததோ?"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இல்லை அம்மா. சண்டையே காணாத நாடுகளிலயும் இப்பிடிப் பிள்ளைகள் பிறக்கினம். இதுக்குக் கனகாரணம் இருக்கு, எங்களுக்கே முழுக்கத் தெரியாது. ஆனா நீங்கள் பயந்தபடியால உங்கட பிள்ளைக்கு இது வந்தது எண்டு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. ஆரும் சொன்னா, டொக்டர் இல்லையெண்டு சொன்னவா எண்டு சொல்லுங்கோ."

மனைவி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடித்து மடித்து விரித்தாள். பிறகு மிகச் சாதாரணமாக, வெடிக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

அதற்குத்தான் டொக்டர் கூடுதல் நேரம் எடுத்தாள். ஒரு சத்தம் வந்தால், இது தேவையானது, இது தேவையில்லாதது என்று பிரித்து ஒதுக்கும் வேலையை எங்கள் மூளை எங்களுக்குத் தெரியாமலே செய்கிறது. இவளுக்கு அது நடப்பதில்லை, எல்லாம் ஒரே அளவில் உள்ளே வந்து விழுகின்றன என்றாள். லாண்ட்மாஸ்ரர் இரைச்சல் பெரிது, ஆனால் அடுத்த நொடி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கரண்டி சின்னது, ஆனால் எப்போது விழும் என்று தெரியாது.

"வெடியை நிப்பாட்ட உங்களால ஏலாது. ஆனா வரப்போகுது எண்டு முதலே சொல்ல ஏலும். எப்ப தொடங்கும், எப்ப முடியும். ரெண்டும் அவவுக்குத் தெரியோணும்."

ஊருக்குத் திரும்பி, விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். வெடி போட முதல் எனக்கு ஒரு ஃபோன் எடுங்கோ, வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். சிலர் ஓம் என்றார்கள். ஒருவர், யானை எங்களுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிப்போட்டே வருது என்று கேட்டார். சிரித்தார்கள். கெட்ட மனிதரல்ல, அவரின் தென்னம்பிள்ளை எல்லாம் அந்த வருடம் போயிருந்தது. நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். கூட்டம் முடிந்து அடுத்த வயல்காரி சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு வந்து, எந்த நம்பருக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

பழக்குவதற்கு ஒரு சிறுபோகம், கோடைப் பயிர்க்காலம் முழுவதும் போனது. பழக்கியது மனைவிதான். அந்தப் பெண்ணின் நம்பருக்கு மட்டும் வேறு மணியோசை வைத்தோம். அந்த மணி அடித்தால் மகள் செய்ய வேண்டியது இரண்டு: வேலைத்தளங்களில் போடும் காதுமூடியைக் காதில் மாட்டுவது, முற்றத்துக்குப் போய் லாண்ட்மாஸ்ரரின் மட்காட்டில் கை வைப்பது. நான் எஞ்சினை இயக்குவேன். காதுமூடி கனடாவில் இருந்து வந்தது. ஸ்கான் வேண்டாம் என்றதும் அண்ணனுக்குக் கொஞ்சம் மனவருத்தம், ஆனாலும் கேட்டதும் அனுப்பிவிட்டார். மகள் அதைத் தலையில் மாட்டவே விடவில்லை. கழற்றி எறிவாள். கிணற்றுக்குள் ஒரு முறை போட்டாள். மனைவி தன் தலையில் அதை மாட்டிக்கொண்டு சமைத்தாள், மாட்டிக்கொண்டு உடுப்புத் தோய்த்தாள். றோட்டால் போனவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நாள் மகள் அவளின் தலையில் இருந்து அதைக் கழற்றித் தன் தலையில் மாட்டினாள்.

நல்ல செய்தி போல இதை எழுதுகிறேன். அன்று எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவி குசினி நிலத்தில் இருந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தேத்தண்ணி போடவோ என்று கேட்டேன். வேண்டாம், கொஞ்ச நேரம் ஆரும் என்னோட கதைக்காமல் இருந்தாப் போதும் என்றாள்.

அடுத்த மார்கழியில் முதல் அழைப்பு வந்தது. பின்னேரம், மாடு கட்டுகிற நேரம். அந்த மணி அடித்தது. மகள் காதுமூடியைத் தேடினாள்; அது கட்டிலுக்குக் கீழே கிடந்தது; நாங்கள் மூவரும் தடுமாறினோம். நான் எஞ்சினை இயக்கி முடிக்கவும் முதலாவது வெடி போனது. மகள் கத்தினாள். நிலத்தில் இருந்துவிட்டாள். ஆனால் ஓடவில்லை. மட்காட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. இரண்டாவது வெடி, மூன்றாவது வெடி. பிறகு அமைதி. எஞ்சின் மட்டும் இரைந்தது.

எப்போது முடிந்தது என்று மகளுக்கு எப்படிச் சொல்வது என்பதை நாங்கள் யோசிக்காமல் விட்டிருந்தோம். அவள் விறைத்தபடியே இருந்தாள். அப்போது திரும்பவும் மணி அடித்தது. அந்தப் பெண்தான். நான் ஃபோனைச் சத்தமாக வைத்தேன்.

"முடிஞ்சுது அண்ணை. யானை அங்கால போயிட்டுது. பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, முடிஞ்சுது."

மகள் தலையை நிமிர்த்தினாள். "முடிஞ்சுது" என்றாள்.

மகளுக்குச் சொற்கள் குறைவு. இருக்கும் சொற்களும் பெரும்பாலும் பஸ் கொண்டக்டர் சொன்னது, ரேடியோவில் வந்தது. நேரத்துக்குப் பொருத்தமாக ஒரு சொல்லைச் சொன்னால் அதை நாங்கள் இரண்டு நாள் கதைப்போம். மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். "ஓம் பிள்ளை, முடிஞ்சுது" என்று திரும்பச் சொன்னாள்.

அதன் பிறகு அப்படித்தான். தொடங்க முதல் ஒரு அழைப்பு, முடிந்த பின் ஒரு அழைப்பு. இரண்டாவது அழைப்பை மகளே எடுக்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லை மாறி மாறிச் சொல்வார்கள். என் மனைவி அந்தப் பெண்ணோடு அதுவரை கதைக்கவில்லை. பொங்கலன்று ஒரு பாத்திரத்தில் பொங்கலும் அவளின் புருசனுக்கு இடுப்பில் பூச எண்ணெயும் கொண்டு போனாள். போய் நிறைய நேரமாக வரவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. குளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லாமல்தான் போடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் போடுகிறார்கள், தேர்தலில் வென்றால் போடுகிறார்கள். அந்த நாட்களில் மகள் தன் கையைக் கடிப்பாள். மனைவி தன் கையை இடையில் கொடுப்பாள். எங்கள் இருவரின் கைகளிலும் தழும்புகள் இருக்கின்றன.

சென்ற போகத்தில் ஒரு பின்னேரம் காற்றும் மழையும். மின்சாரம் போய்விட்டது. சற்று நேரத்தில் ஃபோன் கோபுரமும் செத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மழைக்கு அது வழமை. யானை வராது என்று நினைத்து நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். மழை விட்ட பிறகு வெடிச்சத்தம் கேட்டது, ஒன்றே ஒன்று, மிகத் தூரத்தில், காட்டுப் பக்கமாக. மகள் தலையணைக்குள் முகத்தை வைத்தாள். அவ்வளவுதான். தப்பினோம் என்று இருந்தேன்.

காலையில் வயலுக்குப் போனபோது பார்த்தேன். அடுத்த வயலில், எங்கள் வேலியோடு ஒட்டிய துண்டு முழுவதும் மிதிபட்டுக் கிடந்தது. முற்றிய கதிர். யானையின் கால் பதிந்த குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. அந்தப் பெண் நடுவில் நின்று, சாய்ந்த பயிரைக் காலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டேன். யானை எங்கள் வேலிப் பக்கமாக வந்திருக்கிறது. அவள் எனக்கு எடுத்திருக்கிறாள், லைன் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள். பிறகு தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டு, மழைக்குள் காட்டுப் பக்கமாகச் சுற்றிப் போய், எங்கள் வீட்டுக்குத் தூரமாக அங்கே நின்றுதான் வெடியைப் போட்டிருக்கிறாள். அதற்குள் யானை தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டது.

ஏன் தங்கச்சி உடனே போடவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"போட்டிருக்கலாம் அண்ணை" என்றாள். "கையில வைச்சுக்கொண்டுதான் நிண்டனான். பிள்ளை மழைக்குள்ள ஓடினா என்ன செய்யிறது எண்டு ஒரு யோசினை." காலால் தூக்கிய பயிரை விட்டுவிட்டுச் சொன்னாள், "ஆனா இனி ஏலாது. இனி லைன் கிடைக்காட்டி நான் போட்டிட்டுத்தான் சொல்லுவன். குறை நினைக்காதேங்கோ."

குறை நினைக்க என்ன இருக்கிறது? ஓம், அப்பிடியே செய்யுங்கோ என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். நீங்கள் அவாவோட காவலுக்குப் போங்கோ, பிள்ளையை நான் பாக்கிறன் என்றாள். எஞ்சினை யார் இயக்குவது என்று கேட்டேன். எனக்கு இயக்கத் தெரியாது எண்டு ஆர் சொன்னது என்றாள். அன்று மத்தியானமே கயிற்றைச் சுற்றி இழுத்துக் காட்டினாள். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் பிடித்தது. மகள் ஓடி வந்து மட்காட்டில் கை வைத்தாள்.

அந்தப் போகம் முடியும்வரை நான் பின்னேரத்தில் வரம்பில் காவல் இருந்தேன். அந்தப் பெண் பரணில், நான் கீழே. அதிகம் கதைக்கமாட்டோம். அவள் புருசனின் இடுப்பு நோவைப் பற்றிச் சொல்வாள். நான் மகளைப் பற்றிச் சொல்வேன்: எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பது என்று. அவள் ஆறுதலுக்காக ஒன்றும் சொல்லமாட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது. லைன் இருக்கிறதா என்று இடைக்கிடை ஃபோனை உயர்த்திப் பார்ப்போம்.

தை முடிவில் வெட்டு மெசின் வந்தது. அவளுடைய வயலில் மிஞ்சியதையும் எங்களுடையதையும் ஒரே நாளில் வெட்டினார்கள். மெசினின் இரைச்சல் ஒரே சீராக இருந்ததால் மகள் காலை முழுவதும் வேலியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டி முடித்து, மூட்டைகளை ஏற்றி, மெசினும் போய்விட்டது. வயல் வெறுமையானது. இனி யானைக்கு இங்கே வேலையில்லை. மத்தியானம் மகள் முற்றத்து வேப்பமர நிழலில் சாக்கு விரித்துப் படுத்துவிட்டாள். மனைவி அவளுக்குப் பக்கத்தில், சோற்றுக் கை கழுவாமலே, சாய்ந்தாள். நானும் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்திருக்கிறேன்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. இரண்டு பேரும் அசையாமல் நித்திரை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்காதது நினைவு வந்தது. செருப்பைப் போட்டால் சத்தம் வரும் என்று வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போனேன்.